எங்கே என்று கேட்காத விடுதி

இந்த அத்தியாயத்தில் உறுதிப்படுத்திய விவரங்களை மட்டுமே எழுதுவேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. முந்தைய அத்தியாயங்களில் நினைவை நம்பி எழுதிய இரண்டொரு இடங்களை வாசகர்கள் திருத்தினார்கள். அத்திருத்தங்களை நன்றியோடு ஏற்றுக்கொண்டேன். ஆனால் இம்முறை காரணம் அதுவன்று.

இந்த வாரம் நான் ஒருத்தியைத் தேடுகிறேன். அவள் இவ்விதழைப் படிப்பவளாக இருக்கக்கூடும். தன்னைப்பற்றி எழுதியிருப்பதைக் கண்டு அவள் வாசித்து வருகையில், இல்லாத ஒரு படிக்கட்டையோ அவள் அணியாத ஒரு நிறத்தையோ நான் எழுதியிருந்தால், "இது நானில்லை" என்று இதழை மடித்து வைத்துவிடுவாள். அந்த இழப்பைத் தாங்க எனக்கு வயது போதாது. அல்லது, வயது கூடிவிட்டது.

ஆகவே விதி இது: நான் என் கண்ணால் கண்டது, அல்லது என்னோடு அங்கே வேலை செய்த ஒருவர் நான் தூண்டாமல் தாமாகவே சொன்னது. மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே நிற்கும்.

வெள்ளை விரிப்பு

கட்டில் விரிப்பை உதறி எறிந்ததும் அது ஒரு கணம் காற்றிலேயே நிற்கும். அந்த ஒரு கணத்தில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. பிறகு விரிப்பு மெல்ல இறங்கும்; முதலில் நெற்றி, பிறகு கண்கள், பிறகு சிரிப்பு. நாளொன்றுக்குப் பல தடவை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், ரெஜினாவின் முகம் எனக்கு இப்படித்தான் தோன்றியது.

மொன்ட்ரியாலில், பாலத்தின் அடியில் இருந்த ஒரு மலிவு விடுதியில் நாங்கள் இருவரும் அறை துப்புரவு செய்தோம். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்பது அங்கே வழக்கம். நான் கதவுப் பக்கம். அவள் சன்னல் பக்கம். நான் யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பித்தவள். அவள் மட்டக்களப்பு, என்னிலும் பத்து வயது இளையவள், கழுத்தில் மெல்லிய கறுப்பு நூலில் ஒரு சிலுவை அணிந்திருப்பாள்.

நான் பேசாமல் வேலை செய்வேன். அவள் பேசாமல் வேலை செய்யமாட்டாள்.

"டீச்சர், நீங்க கதைக்கக்குள்ள முற்றுப்புள்ளி போட்டுப் போட்டுத்தான் கதைக்கிறீங்க. எனக்குக் கேக்குது."

"போடாமல் கதைச்சால் நீர் இடையிலை புகுந்திடுவீர்."

"அதுக்கென்னகா? கதையெண்டா ரெண்டு பேருக்கும் பங்கு இரிக்கத்தானே வேணும்."

விரிப்பின் மூலைகளை நாற்பத்தைந்து பாகையில் மடிக்கவேண்டும். அவளுடைய மூலைகள் என்னுடையவற்றைவிடத் திருத்தமாக இருக்கும். அதை நான் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

சீட்டு ஹோட்டல்

விடுதிக்குப் பலகையில் ஒரு பெயர் இருந்தது. உரிமையாளரின் உறவினர்களிடம் அனுமதி பெறாததால் அதை எழுதவில்லை. வேலை செய்த தமிழர்கள் "சீட்டு ஹோட்டல்" என்றே அழைத்தோம். நடைவழிக் கம்பளத்தில் சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களும் சிவப்பிலும் கறுப்பிலும் நெய்யப்பட்டிருந்தன. புகைத்த சிகரெட்டின் நெடியும் எலுமிச்சைச் சவர்க்காரத்தின் மணமும் அந்தக் கம்பளத்தில் ஒன்றாக ஊறிக் கிடந்தன. இன்றும் ஏதேனும் ஒரு பழைய கட்டடத்தின் வாசலில் அந்த மணம் எதிர்ப்பட்டால் நான் நின்றுவிடுகிறேன். என் மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

விடுதிக்குள் சூதாட்டம் இருக்கவில்லை. கசினோ ஆற்றின் நடுவே தீவில் இருக்கிறது, அரசாங்கத்தினுடையது. பெரிய விடுதிகளில் தங்க வசதியற்ற ஆட்டக்காரர்கள் எங்களிடம் வந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், கைம்பெண்கள், சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வந்திறங்கும் இணைபிரியாத தோழிகள். அவர்களைத் தீவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர ஒரு வெள்ளை மினிபஸ் ஓடியது. அந்த மினிபஸ்தான் விடுதியின் சிறப்பு. வேறொரு சிறப்பும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்று மாடிகள்; மின்தூக்கி இல்லை. அறை எண்களில் பதின்மூன்று இல்லை. நான்கும் இல்லை, பதினான்கும் இல்லை. சீன விருந்தினருக்கு நான்கு ஆகாது என்று அறிந்து உரிமையாளர் எடுத்துவிட்டாராம். நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஒரு பழைய பணித்தாளில் இந்த இடைவெளிகளை இன்றும் காணலாம். "இந்த ஹோட்டல்ல எண்ணிப் பழகின பிள்ளை பள்ளிக்கூடத்தில பெயிலாத்தான் போகும் டீச்சர்" என்பாள் ரெஜினா.

உலகக் கண்காட்சிக்கு வந்தோரைத் தங்கவைக்கக் கட்டியது அக்கட்டடம் என்று சிலர் சொன்னார்கள். இல்லை, லொறிச் சாரதிகளுக்காகக் கட்டியது என்றார்கள் வேறு சிலர். இரண்டையும் உறுதிசெய்ய இயலவில்லை. இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

பாதிரியாரும் மினிபஸ்ஸும்

மினிபஸ்ஸை ஓட்டியவர் குணம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் தனியார் பேருந்து ஓட்டியவர். உரிமையாளர் மதாம் லூசி, உயரமான, கண்டிப்பான, சிரிக்கும்போது மட்டும் வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பெண்மணி. ஏறுகின்ற ஒவ்வொருவரிடமும் எங்கே போகிறீர்கள், கசினோவுக்கா மெத்ரோ ரயில் நிலையத்துக்கா, என்று கேட்டுத் தாளில் குறிக்கும்படி அவர் குணம் அண்ணைக்குப் பணித்திருந்தார்.

குணம் அண்ணை ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோரையும் கசினோவில் கொண்டுபோய் இறக்கினார். சிலகாலம் அது பொருந்தியும் வந்தது. பிறகு ஒருநாள், மெத்ரோவில் ஏறித் திருச்சபைக் கூட்டமொன்றுக்குப் போகவேண்டிய வயோதிபப் பாதிரியார் ஒருவரையும் கசினோ வாசலில் இறக்கிவிட்டார்.

மதாம் லூசி என்னை மொழிபெயர்ப்புக்கு அழைத்தார். என் பிரெஞ்சு அப்போது தவழும் பருவத்தில் இருந்தது. முன்கூடத்தில் ஐந்தாறு ஆட்டக்காரர்கள் கோட்டு அணிந்தபடி காத்திருந்தார்கள்.

"டீச்சர், அவவுக்கு விளங்கப்படுத்துங்கோ," என்றார் குணம் அண்ணை. "வெளிக்கிட்டுப் போற ஆளிட்டை எங்க போறியள் எண்டு கேட்டால் போன காரியம் உருப்படுமோ? அதுவும் இதுகள் சூதாடப் போற சனம். தோத்துப்போட்டு வந்து என்னையெல்லோ திட்டுங்கள்?"

"அண்ணை, அவர் சூதாடப் போகேல்லை. அவர் பாதிரியார்."

"நெத்தியிலையோ எழுதி ஒட்டியிருக்கு? கறுப்புக் கோட்டு. இஞ்ச ஆர் கறுப்புக் கோட்டுப் போடாத ஆள்?"

துடைப்பத்தோடு பின்னால் நின்ற ரெஜினா, "பாதர் ஒரு ஆட்டம் ஆடிப் பாத்தவரா அண்ணே?" என்றாள்.

"நீர் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும் பிள்ளை."

நான் என்னால் முடிந்த அளவு மொழிபெயர்த்தேன். எங்கள் ஊரில், புறப்படுகிறவரிடம் எங்கே என்று கேட்பது சகுனத்தடை. கேட்கப்பட்டவர் தடை நீங்கச் சிறிது உட்கார்ந்திருந்துவிட்டுப் புறப்படுவார். மதாம் லூசியின் புருவம் ஏறியது. அப்போது, மாதந்தோறும் வருகின்ற முசியூ ஆர்மோன், மனைவியை இழந்த பருத்த மனிதர், தொப்பியைக் கழற்றினார். இந்த விடுதியில் தாம் கேட்ட அறிவுள்ள பேச்சு இதுதான் என்றார். அருகிலிருந்த பெண்கள் ஆமோதித்தார்கள். தம்மிடம் ஏறும்போது கேட்கப்பட்ட நாள்களில் எல்லாம் தோற்றிருப்பதாக ஒருத்தி சத்தியம் செய்தாள். குணம் அண்ணை ஒருநாளும் கேட்டதில்லை என்பதை நான் மொழிபெயர்க்காமல் விட்டேன்.

அப்படியானால் புறப்படுகிறவரிடம் என்னதான் சொல்வீர்கள் என்று ஆர்மோன் கேட்டார்.

"போட்டு வாங்கோ," என்றார் குணம் அண்ணை. போய்த் திரும்பி வாருங்கள் என்று பொருள் சொன்னேன். திரும்பி வருவதையும் சேர்த்தே சொல்கிறார்களே என்று அவர் வியந்தார்.

மறுவாரத்திலிருந்து மினிபஸ்ஸில் சாரதி இருக்கைக்கு அருகே ஒரு சிறு பெட்டி. கசினோவுக்குச் சிவப்பு அட்டை; மெத்ரோவுக்கு வெள்ளை அட்டை. ஏறுகிறவர் தாமே போட்டுவிடுவார், வாய் திறக்கவேண்டியதில்லை. பணியாளர் அறையில் மதாம் லூசி தம் கையெழுத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்: வெளியே செல்லும் விருந்தினரிடம் எங்கே செல்கிறீர்கள் என்று எவரும் கேட்கக்கூடாது.

ஆட்டக்காரர்கள் வாசற்படியில் நின்று, எங்களில் ஒருவர் "போட்டு வாங்கோ" என்று சொல்லும்வரை இறங்கமாட்டார்கள். வாளியும் கையுமாக ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறேன். ஊரை விட்டு வந்தபின் என் மொழி எவருக்கேனும் தேவைப்பட்ட முதல் இடம் அது. அந்த வாசற்படிக்காக நான் இன்னும் ஏங்குகிறேன்.

பழுப்பு நிறக் கடிதம்

எனக்கு அப்போது நிரந்தர வதிவிட உரிமை கிடைத்துவிட்டது. ரெஜினாவுக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய அகதி விண்ணப்பம் விசாரிக்கப்பட்டு முடிவுக்காகக் காத்திருந்தது. மொன்ட்ரியால்-நோரில் ஒரு குடும்பத்தின் நிலக்கீழ் அறையில் தனியாக இருந்தாள். அம்மாவும் இரண்டு தம்பிமாரும் ஊரில் இருந்தார்கள். தம்பிமாரைப்பற்றி அவள் பேசும்போது கைகள் நின்றுவிடும். நான் விரிப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

பனி உருகத் தொடங்கிய ஒரு வாரத்தில் அவள் பேச்சு நின்றது. முதல்நாள் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அவளுடைய மேலங்கிப் பையில் ஒரு பழுப்பு நிற உறையின் மூலை தெரிந்தது. மூன்றாம் நாள், அவள் மடித்த மூலைகள் தளர்ந்து கிடந்தன. நான் சுற்றிப்போய் அவற்றைச் சரிசெய்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுகமில்லையோ?" என்று கேட்டேன்.

"சுகம்தான் டீச்சர்."

முற்றுப்புள்ளியோடு சொன்னாள்.

பத்து நிமிடங்கள்

அது அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை, பிற்பகல். நான் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறையில் இருந்தேன். உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, சுவரெல்லாம் வெப்பம். சிறு சன்னலுக்கு வெளியே, உருகிய பனிமீது நடந்துபோகும் கால்கள் மட்டும் தெரிந்தன.

ரெஜினா வாசலில் வந்து நின்றாள். வேலை முடிய இன்னும் நேரமிருந்தது. ஆனால் அவள் கோட்டு அணிந்திருந்தாள். கழுத்தில் பச்சைக் கம்பளிச் சால்வை. கையில் நீல நிறப் பயணப்பை, சிறியது.

"டீச்சர், நான் வெளிக்கிடுறன்."

"போட்டு வாரும்," என்றேன்.

அவள் போகவில்லை.

"பஸ் எடுக்க இன்னும் பத்து நிமிசம் இரிக்கு."

சொல்லிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த துணிக்கூடைமேல் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"மேல்மாடிக் கடைசி அறைக்குத் துவாய் வைச்சாச்சோ?" இது நான்.

"வச்சாச்சு டீச்சர்."

"சவர்க்காரம்?"

"அதுவும்."

இயந்திரம் நின்றது. நான் ஒரு பெரிய விரிப்பை வெளியே இழுத்தேன். அவள் எழுந்து, கேட்காமலே மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் விலகி நின்று இழுத்து, மடித்து, நெருங்கி வந்து, மூலைகளைச் சேர்த்தோம். அவள் கைகளிலிருந்து என் கைகளுக்கு விரிப்பு வந்தபோது எங்கள் விரல்கள் தொட்டன. அவளுடையவை, அந்தச் சூட்டிலும், குளிர்ந்திருந்தன. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் விரிப்பின் ஓரத்தைப் பார்த்தேன்.

இன்னொரு விரிப்பும் மடித்தோம். பிறகு மேலே மினிபஸ்ஸின் ஒலிப்பான் கேட்டது.

"சரி டீச்சர்," என்றாள். படியேறிப் போனாள். ஒன்பது படிகள். எண்ணினேன் என்பதல்ல; அந்தப் படிக்கட்டில் ஒன்பது படிகள்தாம்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை நான் மொன்ட்ரியால்-நோருக்குப் போனேன். வீட்டுக்காரப் பெண் அறையைத் திறந்து காட்டினார். மடித்த போர்வை. உடுப்பு மாட்டாத வெறும் கொழுவி. எங்கே போனாள் என்று அவருக்கும் தெரியவில்லை. வாடகைவரை ஒழுங்காக முடித்துவிட்டுப் போனதாகச் சொன்னார்.

குணம் அண்ணையின் சாட்சியம்

இந்த அத்தியாயத்தை எழுதுமுன் குணம் அண்ணையைப் பார்க்க லவாலுக்குப் போனேன். மகனோடு இருக்கிறார். முழங்கால் வருத்தம், நாக்குக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"அண்டைக்கு ரெஜினா உங்கட பஸ்ஸிலை ஏறினவவோ அண்ணை?"

"ஓம், ஏறினவ. முன் சீற். பச்சைச் சால்வை கட்டியிருந்தவ." சால்வையை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். ஆகையால் எழுதுகிறேன்.

"எந்த அட்டை போட்டவ?"

"வெள்ளை. மெத்ரோவிலைதான் இறக்கினனான்."

"எந்தப் பக்கத்து ரயில் எடுத்தவ எண்டு தெரியுமோ?"

"ரயில் நிலத்துக்குக் கீழை ஓடுது, நான் மேலை நிக்கிறன். என்னெண்டு பாக்கிறது? நீங்கள் பள்ளிக்கூடத்தை விட்டிட்டுப் பொலிசிலை சேர்ந்திருக்கோணும் டீச்சர்."

சிரித்தார். பிறகு தேநீர்க் கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டு சொன்னார்: "இறங்கேக்கை ஒருக்கால் திரும்பிப் பாத்தவ. நான் போட்டு வாரும் பிள்ளை எண்டு சொன்னனான். கேக்கக்கூடாதெண்டு அந்த மனிசி எழுதியெல்லோ ஒட்டினது."

"அது விருந்தாளியளுக்கு எழுதினது அண்ணை."

"ஓம்," என்றார். "அது எனக்கும் தெரியும்."

திரும்பும்போது விடுதி இருந்த இடத்தைப் பார்க்கப் போனேன். கண்ணாடி மாடங்கள் வைத்த அடுக்குமாடி வீடு. கீழே ஒரு தெபனர், சிறு மூலைக்கடை. பாலம் மட்டும் அப்படியே, பச்சை இரும்பாய், வாகனங்களின் இரைச்சலோடு நிற்கிறது. மூன்றாம் மாடியின் உயரத்தை நோக்கினேன். எங்கள் சன்னல் இருந்த இடத்து மாடத்தில் யாரோ ஒரு சைக்கிளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

என்னிடமுள்ள ஒரு விவரம்

பல ஆண்டுகளாக இந்தக் கதையை நான் வழக்கத்தின் மீது பழிபோட்டே சொல்லி வந்திருக்கிறேன். புறப்படுகிறவரிடம் கேட்கக்கூடாது; ஆகவே கேட்கவில்லை. கதையைக் கேட்டவர்கள் தலையசைத்தார்கள். நானும் ஆறுதலடைந்தேன்.

ஆனால் உறுதிப்படுத்திய விவரங்களை மட்டுமே எழுதுவதென்று தொடங்கிய பிறகு, இந்த விவரம் தேறவில்லை. எங்கள் ஊரில் எங்கே என்றுதான் கேட்கமாட்டார்கள். அறிய விரும்புகிறவர் "தூரவோ?" என்று கேட்பார். அதில் தடையில்லை, அதில் அக்கறை உண்டு. போகிறவர் விரும்பினால் ஊரைச் சொல்வார். விரும்பாவிட்டால் தலையசைத்துப் போவார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். குழந்தைப் பருவத்திலிருந்து தெரியும். பத்து நிமிடங்கள் அது என் நாவில் இருந்தது.

கேட்டிருந்தால், போக இடமில்லை என்று அவள் சொல்லக்கூடும் என்று அஞ்சினேன். எங்கள் வீட்டில் அப்போது இரண்டு அறைகள்; கணவர், பிள்ளை, கணவரின் தம்பி. அந்த மாதம்தான் என் பெற்றோரை அழைப்பதற்கான விண்ணப்பத்தை அனுப்பியிருந்தேன். மறுக்கப்பட்ட ஒருத்தியை வீட்டில் வைத்திருப்பது அதைப் பாதிக்குமோ என்ற எண்ணம், முதல் விரிப்பை மடித்து முடிக்கும் முன்னரே எனக்கு வந்துவிட்டது. ஆகவே துவாயைப்பற்றிக் கேட்டேன். சவர்க்காரத்தைப்பற்றிக் கேட்டேன்.

இதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. என் விதிப்படி ஒருவர் கண்டது போதும்.

தெரியாதவை

விடுதி ஏன் மூடப்பட்டது என்று எனக்குத் தெரியாது. நான் அதற்கு முன்னரே விலகிவிட்டேன். மதாம் லூசி காலமாகிவிட்டார் என்று கேள்வி, உறுதியில்லை.

அந்த உறைக்குள் இருந்த கடிதம் மறுப்பா என்று தெரியாது. மறுப்பு என்று நான் எண்ணினேன், வாசித்ததில்லை.

ரெஜினா கூடைமேல் உட்கார்ந்தது நான் கேட்பதற்காகவா, மேலே குளிராக இருந்ததாலா என்று தெரியாது.

அவள் எங்கே போனாள் என்று தெரியாது. இருக்கிறாளா என்று தெரியாது.

நான் கேட்டு, அவள் தனக்குப் போக்கிடம் இல்லை என்று சொல்லியிருந்தால், என் வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது.